ரசிகர்கள் அறியாத ஜீனோ பார்த்தலி



நாம் ரசிகர் என்று அழைப்பவரை இத்தாலியர் 'தீஃபோசோ' என்கிறார்கள். பலராக இருந்தால் 'தீஃபோசி'. டைபஸ் என்ற கொடிய காய்ச்சலின் பெயரிலிருந்து பிறந்த சொல் இது. காய்ச்சல் உச்சத்துக்கு ஏறியவன் தன்னை மறந்து பிதற்றுவான், எழுந்து ஓடுவான், எதிரில் வருபவர் யார் என்றே அறியாமல் கை ஓங்குவான். பெயர் வைத்தவர்கள் மனித இயல்பை நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

கடந்த நூற்றாண்டின் முதற்பாதியில் இத்தாலியர்களை இந்தக் காய்ச்சல் மிகக் கடுமையாகப் பிடித்தது சாலைச் சைக்கிள் பந்தயத்தில்தான். அந்தக் காய்ச்சலின் நடுவே இருபது ஆண்டுகள் வாழ்ந்தவர் ஜீனோ பார்த்தலி. அவரைக் கடவுள் என்று கூவியவர்களும் உண்டு, அடிக்கப் பாய்ந்தவர்களும் உண்டு. ஆனால் அவர் செய்தவற்றுள் மிகப் பெரியதை அந்த ரசிகர்களில் ஒருவரும் அன்று அறியவில்லை. அதை அறியவிடாமல் பார்த்துக்கொண்டவரும் அவரேதான்.

நம் பக்கம் கிரிக்கெட் தெரிந்த அளவுக்கு இந்தப் பந்தயம் தெரியாது. ஆகவே இரண்டு வார்த்தை. டூர் தெ பிரான்ஸ் என்னும் பிரான்ஸ் சுற்று 1903-இலும், இத்தாலியச் சுற்று 1909-இலும் தொடங்கின. இரண்டையும் தொடங்கி நடத்தியவை செய்தித்தாள்கள். மூன்று வாரங்கள் நாள்தோறும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்ட வேண்டும். எல்லா நாள்களின் நேரத்தையும் கூட்டி, மிகக் குறைந்த நேரம் எடுத்தவரே வெற்றியாளர். முன்னணியில் இருப்பவருக்கு பிரான்ஸில் மஞ்சள் சட்டை, இத்தாலியில் இளஞ்சிவப்புச் சட்டை. அந்தந்தச் செய்தித்தாள் அச்சான தாளின் நிறம் அது. பார்க்க வருபவர்களுக்கு நுழைவுச்சீட்டு கிடையாது, பந்தயம் வீட்டு வாசலிலேயே வந்து கடந்துபோகும். சில நொடிகள் பார்ப்பதற்காக மக்கள் காலையிலிருந்தே மலைப்பாதையில் காத்திருப்பார்கள். மேட்டில் வீரர்கள் மெதுவாக ஏறும்போது ரசிகரின் கை அவர்களை எட்டும். தண்ணீர் ஊற்றும், முதுகில் தட்டும், தள்ளியும் விடும். சில சமயம் அந்தக் கை வேறு காரியமும் செய்யும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஜீனோ 1914 ஜூலை 18 அன்று, ஃபுளோரன்ஸ் நகருக்கு அருகிலுள்ள போந்தே ஆ ஏமா என்ற சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தார். அவருடைய தம்பி ஜூலியோவும் பந்தயத்தில் இறங்கினார். 1936 ஜூன் மாதம் ஜீனோ முதன்முறையாக இத்தாலியச் சுற்றை வென்றார். அப்போது அவருக்கு 21 வயது. ஊரே கொண்டாடிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் அளவே கடந்திருந்தது. அதே ஜூன் மாதத்தில், பந்தயத்தில் கார் மோதி அடிபட்ட ஜூலியோ இறந்துபோனார்.

பந்தயமே வேண்டாம் என்று ஒதுங்கிவிட ஜீனோ எண்ணினார். பிறகு திரும்பி வந்தார். அந்த நாள்களுக்குப் பின் அவருடைய செப வாழ்வு ஆழமானது. கத்தோலிக்கச் செயல் இயக்கத்தில் அவர் முன்பே இருந்தவர். இப்போது கார்மேல் மூன்றாம் சபையிலும் சேர்ந்தார். குழந்தை இயேசுவின் புனித தெரேசாமீது அவருக்குத் தனிப் பக்தி. பந்தய நாள்களிலும் திருப்பலியைத் தவறவிடாமல் இருக்க முயல்வார். பத்திரிகைகள் அவருக்குப் பக்திமான் ஜீனோ என்று பெயர் வைத்தன. சில எழுத்தாளர்கள் அதைக் கேலியாகவே எழுதினார்கள். இதைப் படிக்கும் நாம் உடனே அவரை ஒரு சாந்தசொரூபியாக வரைந்துவிட வேண்டாம். அவர் முன்கோபி. எதைப் பார்த்தாலும் குறை சொல்வார். எல்லாமே தப்பாக நடக்கிறது, எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்ற வேண்டும் என்று முனகிக்கொண்டே இருப்பது அவர் வழக்கம். சிகரெட்டும் பிடிப்பார். இப்படிப்பட்டவர்களும் செபிக்கிறார்கள் என்பது எனக்கென்னவோ ஆறுதலாக இருக்கிறது.

1938-இல் பார்த்தலி பிரான்ஸ் சுற்றை வென்றார். இத்தாலியில் அது முசோலினியின் ஆட்சிக் காலம். வீரர்களின் வெற்றியெல்லாம் ஆட்சியின் வெற்றி என்று காட்டப்பட்ட காலம். பிரான்ஸில் வேலைக்காகக் குடியேறியிருந்த இத்தாலியர்கள் மூவண்ணக் கொடிகளோடு சாலையோரம் திரண்டார்கள். ஆல்ப்ஸ் அடிவாரத்திலுள்ள ஏக்ஸ்-லே-பேன் நகரில் அவர் தங்கிய விடுதிக்கு முன்னால், கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்த ஓர் இத்தாலியத் தளபதி, அவரைத் தொடாதீர்கள், அவர் ஒரு தெய்வம் என்று கத்தினாராம். அந்நாளைய வானொலி வர்ணனையாளர் ஒருவர் இதைப் பதிவு செய்திருக்கிறார். உள்ளே அறையில் அந்தத் 'தெய்வம்' செபமாலையோடு இருந்திருக்கவும் கூடும்! பாரிஸில் பந்தயம் முடிந்ததும், வெற்றியைத் தலைவருக்குக் காணிக்கையாக்கும் வார்த்தையை அரசு எதிர்பார்த்தது. பார்த்தலி அதைச் சொல்லவில்லை. தமக்குக் கிடைத்த பூச்செண்டை வெற்றி அன்னை ஆலயத்தில் மாதாவின் காலடியில் வைத்துவிட்டு வந்தார். ஊர் திரும்பியபோது அரசாங்க வரவேற்பு எதுவும் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

1940-இல் இத்தாலியச் சுற்றின் தொடக்கத்திலேயே குறுக்கே வந்த நாயால் பார்த்தலி கீழே விழுந்தார். அவருடைய அணியில் அவருக்கு உதவியாளாகச் சேர்க்கப்பட்டிருந்த 20 வயது இளைஞர் ஃபவுஸ்தோ கோப்பி முன்னே சென்று வென்றார். அடிபட்ட பார்த்தலி விலகிப்போகாமல், அந்த இளைஞர் மலைகளில் தளர்ந்தபோது உடனிருந்து உற்சாகப்படுத்தி ஏற்றிவிட்டார். பந்தயம் முடிந்த மறுநாள், ஜூன் 10 அன்று, இத்தாலி போரில் இறங்கியது. அதே ஆண்டு நவம்பரில் பார்த்தலி அதிரியானா பானியை மணந்தார். திருமணத்தை நடத்தி வைத்தவர் ஃபுளோரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா. 1938-இல் ஹிட்லர் ஃபுளோரன்ஸுக்கு வந்தபோது, தம் பேராயர் இல்லத்தின் சன்னல்களை அடைத்து வைத்தவர் இவர்தான்.

1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படை இத்தாலியைப் பிடித்தது. யூதர்களைத் தேடிப் பிடித்து வதைமுகாம்களுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஃபுளோரன்ஸில் ரபி நாத்தன் கஸ்ஸூத்தோவும் யூத நண்பர்களும், கர்தினால் தல்லா கோஸ்தாவும் அவருடைய குருக்களும் சேர்ந்து அவர்களைக் காக்க ஒரு மறைவான அமைப்பை நடத்தினார்கள். துறவற மடங்கள் கதவு திறந்தன. ஆனால் மறைந்திருப்பவர் உயிரோடு இருக்கப் பொய்ப்பெயரில் அடையாள அட்டை வேண்டும், ரேஷனுக்கும் அட்டை வேண்டும். அசிசியில் ஆயர் நிக்கோலினியின் பாதுகாப்பில், குருக்களும் ஓர் அச்சகத்தாரும் அந்த அட்டைகளைத் தயாரித்தார்கள். புகைப்படங்கள் அங்கே போக வேண்டும், அட்டைகள் இங்கே வர வேண்டும். ஃபுளோரன்ஸிலிருந்து அசிசிக்கு 170 கி.மீ.க்கும் மேல். வழியெங்கும் சோதனைச் சாவடிகள்.

அந்தச் சாலையில் சைக்கிளில் போனாலும் யாரும் ஏன் என்று கேட்காத மனிதர் ஒருவர் இருந்தார். வீரர் என்றால் பயிற்சி செய்யத்தானே வேண்டும்? சைக்கிளின் இருக்கையைக் கழற்றினால் உள்ளே குழாய் வெறுமையாக இருக்கும். தாள்களைச் சுருட்டி அதற்குள் வைத்து, மேலே இருக்கையைப் பொருத்திவிடுவார். நிறுத்திச் சோதிக்கும்போது, வேகத்துக்காக ஒவ்வொரு பாகமும் நுட்பமாகச் சரிசெய்யப்பட்டிருக்கிறது, தயவுசெய்து சைக்கிளைத் தொடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வார். சாவடியில் நிற்பவர்களிலும் அவருடைய ரசிகர்கள் இருந்தார்கள். புகழ் என்ற ஒன்றை அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்று பாருங்கள்!

தமக்குச் சொந்தமான இடத்தில் ஒரு யூதக் குடும்பத்தை மறைத்து வைத்துக் காப்பாற்றவும் செய்தார். அப்போது அவருடைய மகன் சிறு குழந்தை. பிடிபட்டால் என்ன நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். 1944-இல் ஃபுளோரன்ஸில் சித்திரவதைக்குப் பெயர்போன ஒரு மாளிகைக்கு அவரை விசாரணைக்குக் கொண்டுபோனார்கள். வத்திக்கானிலிருந்து வந்த கடிதங்களைப் பற்றிக் கேட்டார்கள். உயிரோடு வெளியே வந்தார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எண்ணூறு பேரைக் காப்பாற்றினார் என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. அந்த எண்ணிக்கையை நான் அழுத்திச் சொல்லமாட்டேன். ஒளித்துச் செய்த வேலைக்குக் கணக்கேடு இருக்காது. அசிசிப் பயணங்களுக்கு எழுத்துச் சான்று போதாது என்று இத்தாலிய வரலாற்று ஆய்வாளர்கள் சிலர் அண்மை ஆண்டுகளில் ஐயம் எழுப்பியுள்ளனர். அவர்கள் கேட்பதில் தவறில்லை. மறுபக்கம், உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைக் கேட்ட பின்னரே எருசலேமின் யாத் வாஷெம் நிறுவனம் தன் முடிவை எடுத்தது. புனிதர் வரலாறுகளிலேயே மிகைப்படுத்தல் நுழைந்துவிடுகிறது என்பதை நாம் அறிவோம். ஓர் உயிரையே காத்திருந்தாலும் அது போதாதா?

போர் முடிந்தது. பார்த்தலி எதையும் பேசவில்லை. பந்தயங்கள் திரும்பின, காய்ச்சலும் திரும்பியது. 1946-இல் இத்தாலியச் சுற்றைப் பார்த்தலி வென்றார். இரண்டாவதாக வந்த கோப்பியைவிட வெறும் 47 நொடிகள்தான் குறைவு. அன்றிலிருந்து இத்தாலி இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் பார்த்தலியின் ஆள், மற்றவர் கோப்பியின் ஆள். ஒரே குடும்பத்துக்குள் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்தினார்கள். பழைமைக்குப் பார்த்தலி, புதுமைக்குக் கோப்பி என்றார்கள். கோவிலுக்குப் போகிறவர்களுக்குப் பார்த்தலி, செங்கொடி பிடிப்பவர்களுக்குக் கோப்பி என்றும் பங்கு போட்டார்கள். உண்மையில் கோப்பி கம்யூனிஸ்ட் அல்லர். ஆனால் கூட்டத்துக்கு உண்மையா வேண்டும்? கொரிந்து நகரத் திருச்சபையில் பவுலின் ஆள், அப்பொல்லோவின் ஆள் என்று மக்கள் பிரிந்து நின்றதைக் கண்டு புனித பவுல் நொந்து எழுதிய பகுதி என் நினைவுக்கு வருகிறது.

இந்தக் காய்ச்சலில் திருச்சபைக்கும் பங்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1947 செப்டம்பரில் கத்தோலிக்கச் செயல் இயக்கத்தாரிடம் பேசிய திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், பார்த்தலியைப் பெயர் சொல்லி முன்மாதிரியாகக் காட்டினார். நல்ல நோக்கத்தோடு சொன்னதுதான். ஆனால் சுவரொட்டிகளிலும் தேர்தல் மேடைகளிலும் அவர் பெயர் ஒரு கட்சியின் கொடிபோல ஆயிற்று. நம் ஆள் வென்றால் நம் விசுவாசமே வென்றதுபோல மகிழ்வது எளிது. அந்த ஆள் பஞ்சர் ஆகி வழியில் உட்கார்ந்தால் அப்போது என்ன செய்வோம்?

1948 ஜூலை 14. பிரான்ஸ் சுற்றில் பார்த்தலி முதலிடத்தில் இருந்த லூயிசோன் போபேவைவிட 21 நிமிடங்களுக்கும் மேல் பின்தங்கியிருந்தார். வயது 34 ஆகப் போகிறது. கிழவரின் கதை முடிந்தது என்று பத்திரிகையாளர்கள் பலர் மூட்டை கட்டினார்கள். அன்று ரோமையில், பாராளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே கம்யூனிஸ்ட் தலைவர் பல்மீரோ தொல்யாத்தியை ஒரு மாணவர் சுட்டார். நாடு முழுவதும் வேலைநிறுத்தம், கலவரம், உயிர்ச்சேதம். உள்நாட்டுப் போர் மூளுமோ என்று எல்லாரும் அஞ்சினார்கள். கான் நகரில் ஓய்விலிருந்த பார்த்தலியைப் பிரதமர் அல்ச்சிதே தெ காஸ்பெரி தொலைபேசியில் அழைத்து, வென்று காட்ட முடியுமா என்று கேட்டதாகப் பார்த்தலி பின்னாளில் சொல்லிவந்தார். மறுநாள் மழையிலும் குளிரிலும் ஆல்ப்ஸ் கணவாய்களைக் கடந்து பிரியான்சோன் நகருக்கு அவர் முதலாவதாக வந்தார். அதற்கு மறுநாளும் அவரே முதல். மஞ்சள் சட்டை அவர் தோளுக்கு வந்தது. பாரிஸை அடைந்தபோது இரண்டாம் வீரரைவிட 26 நிமிடங்கள் முன்னே இருந்தார். முதல் வெற்றிக்கும் இதற்கும் இடையே பத்து ஆண்டுகள்.

பார்த்தலி இத்தாலியை உள்நாட்டுப் போரிலிருந்து காப்பாற்றினார் என்று இன்றும் எழுதுகிறார்கள். தொல்யாத்தியே தம் தோழர்களை அமைதி காக்கச் சொன்னார், தொழிற்சங்கமும் வேலைநிறுத்தத்தை முடித்துக்கொண்டது. ஆகவே முழுப் புகழையும் ஒரு சைக்கிளுக்குக் கொடுப்பது நியாயமாகாது. ஆனாலும் தெருவில் முறைத்துக்கொண்டு நின்றவர்கள் வானொலிப் பெட்டியைச் சுற்றி ஒன்றாக நின்று கைதட்டினார்கள் என்று அந்நாளில் வாழ்ந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதுவே பெரிய காரியம்தான்.

அந்தக் கைதட்டல் எத்தனை நாள் நின்றது? அடுத்த மாதமே, ஹாலந்தின் வால்கன்பர்க் நகரில் உலகப் போட்டி. பார்த்தலியும் கோப்பியும் ஒரே நாட்டின் சட்டை அணிந்து இறங்கினார்கள். மற்றவர்களை விரட்டிப் பிடித்தால் தன் போட்டியாளனுக்கு உதவியாகிவிடுமே என்று இருவரும் ஒருவரை ஒருவர் கண்காணித்துக்கொண்டே பின்தங்கி, கடைசியில் பந்தயத்தைவிட்டே விலகினார்கள். கூட்டம் அவர்களை ஏளனம் செய்து கூச்சலிட்டது. இத்தாலியக் கூட்டமைப்பு இருவரையும் இடைநீக்கம் செய்தது. ரசிகரின் காய்ச்சல் வீரர்களையும் தொற்றிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். நாட்டுக்காக மலை ஏறியவர் ஒரு மாதத்துக்குள் பொறாமைக்குத் தோற்றார். அவருடைய வாழ்க்கையை எழுதும் பக்திப் புத்தகங்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு உடன்பாடில்லை.

1949 முதல் கோப்பியின் காலம். அந்த ஆண்டு இத்தாலியச் சுற்றில் கூனேயோவிலிருந்து பினெரோலோ வரை ஐந்து மலைக் கணவாய்கள். கோப்பி 192 கி.மீ. தனியாக ஓட்டி வந்து சேர்ந்தார். அடுத்து வந்த பார்த்தலி 11 நிமிடம் 52 நொடிகள் பின்னே. ஆனால் ஜூலையில் பிரான்ஸ் சுற்றில், பார்த்தலியின் 35-ஆவது பிறந்தநாளன்று, பிரியான்சோனில் கோப்பி அவரை முந்தாமல் வெற்றியை விட்டுக்கொடுத்தார். மறுநாள் கோப்பி மஞ்சள் சட்டையை எடுத்துக்கொண்டார். ரசிகர்கள் வெறுத்துக்கொண்டிருந்த அளவுக்கு இவர்கள் வெறுத்துக்கொள்ளவில்லை.

1950 ஜூலை 25. பிரனே மலைத்தொடரில் ஆஸ்பேன் கணவாய். பிரெஞ்சு வீரர் ழான் ரொபிக்கும் பார்த்தலியும் உரசிக் கீழே விழுந்தார்கள். தங்கள் வீரரை இத்தாலியன் தள்ளிவிட்டான் என்று கூட்டம் நினைத்தது. பார்த்தலிமீது பாய்ந்தார்கள், அடித்தார்கள். ஒருவர் கையில் கத்தி இருந்ததாகப் பார்த்தலி சொன்னார். தொத்திறைச்சி நறுக்க வைத்திருந்த கத்தியாக இருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. எப்படியோ எழுந்து, சைக்கிளில் ஏறி, அன்றைய ஓட்டத்தை அவர் வென்றும்விட்டார்! மாலையில் இத்தாலியின் இரு அணிகளும் பந்தயத்திலிருந்தே விலகின. அன்றுதான் மஞ்சள் சட்டை பெற்றிருந்த இத்தாலியர் ஃபியோரென்சோ மாக்னியும் அதைக் கழற்றி வைத்துவிட்டு வீடு திரும்பினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தொடாதீர்கள், தெய்வம் என்ற குரல் கேட்டதும் அதே நாட்டில்தான். குருத்து ஞாயிறுக்கும் பெரிய வெள்ளிக்கும் இடையே ஐந்து நாள்கள்தானே!

அடுத்த ஆண்டு, 1951 ஜூன் மாதம், கோப்பியின் தம்பி செர்சே ஒரு பந்தயத்தில் விழுந்து இறந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அதே ஜூன் மாதத்தில் பார்த்தலி இழந்ததும் ஒரு தம்பியைத்தான். இத்தாலியில் கோப்பியின் வலியை முழுவதும் அறிந்த ஒரு மனிதர் இருந்தார் என்றால், அவர் எதிரி என்று அழைக்கப்பட்டவரே. 1952-இல் மலையேற்றத்தில் இருவரும் ஒரு தண்ணீர்ப் புட்டியைக் கை மாற்றுவதை ஒரு புகைப்படம் காட்டுகிறது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இரு தரப்பு ரசிகர்களும் பல பத்தாண்டுகள் சண்டையிட்டார்கள். தாகத்தில் தண்ணீர் பகிரப்பட்டது என்பது அவர்கள் கண்ணில் படவேயில்லை.

கோப்பியின் பிற்கால வாழ்வில், மணமான ஒரு பெண்ணோடு அவருக்கு ஏற்பட்ட உறவு நாட்டையே உலுக்கியது. அந்நாளைய சட்டப்படி 1955-இல் நீதிமன்றம் இருவருக்கும் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தி வைத்தது. அவருடைய படத்தை வீட்டில் மாட்டியிருந்தவர்கள் பலர் கழற்றி எறிந்தார்கள். திருமணத்தின் மாண்பைப் பற்றித் திருச்சபை போதிப்பதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு மனிதன் விழுந்ததைத் தங்கள் ஆளின் வெற்றியாக எண்ணிக் கொண்டாடிய கோவில் ரசிகர்களும் இருந்தார்களே, அதை என்னவென்று சொல்வது? பார்த்தலி அப்படிச் செய்யவில்லை. 1954-இல் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்று அணி நடத்தத் தொடங்கியிருந்த அவர், யாருக்கும் வேண்டாதவராக ஆகிக்கொண்டிருந்த கோப்பியை 1960-ஆம் ஆண்டுக்குத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார். அந்த ஆண்டு கோப்பிக்கு வாய்க்கவில்லை. ஆப்பிரிக்காவில் பெற்ற மலேரியாவை மருத்துவர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1960 ஜனவரி 2 அன்று, 40 வயதில் இறந்தார். அவர் பிறந்த காஸ்தெல்லானியா குன்றின்மேல், குளிர்காலச் சேற்றில், ஆயிரக்கணக்கானோர் ஏறி வந்து அழுதார்கள்.

பார்த்தலி அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். போர்க்காலத்தைப் பற்றி வீட்டிலேயே மிகக் குறைவாகத்தான் பேசினார். மகன் அந்திரேயாவிடம் சிறிது சிறிதாகச் சொன்னபோதும், இதை வெளியே பேச வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார். சில பதக்கங்கள் ஆன்மாவில் தொங்க வேண்டியவை, சட்டையில் அல்ல என்பது அவர் எண்ணம். தாம் வெறும் சைக்கிள்காரர், உண்மையில் வீரம் காட்டியவர்கள் உயிரையும் உற்றாரையும் இழந்தவர்கள் என்று சொல்வாராம். எவ்வளவோ புலம்பிய வாய் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூடியிருந்தது. வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்ற ஆண்டவரின் போதனையை நாம் மறையுரையில் விளக்குகிறோம். அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதைக் கடைப்பிடித்துக் காட்டிவிட்டார்.

2000 மே 5 அன்று ஃபுளோரன்ஸில், 85-ஆம் வயதில் இறந்தார். 2012-இல் கர்தினால் தல்லா கோஸ்தாவையும், 2013-இல் பார்த்தலியையும் யாத் வாஷெம் நிறுவனம் உலக நாடுகளின் நீதிமான்கள் வரிசையில் சேர்த்தது. கர்தினாலை 2017-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். 2018-இல் இத்தாலியச் சுற்று எருசலேமில் தொடங்கியபோது, பார்த்தலியின் பெயர் அங்கே மீண்டும் ஒலித்தது. அவர் பந்தயம் ஓட்டிப் பார்த்தறியாத இளைஞர்கள் கைதட்டினார்கள்.

அவரை அடக்கம் செய்தபோது மஞ்சள் சட்டையோ இளஞ்சிவப்புச் சட்டையோ அணிவிக்கவில்லை. அவர் விரும்பியபடியே, கார்மேல் மூன்றாம் சபையினரின் எளிய மேலாடையைப் போர்த்திப் பெட்டியில் வைத்தார்கள்.